உதை

புதுப் பாலத்துக்கு வழிவிட, நடு ஆற்றில் நிற்கும் பழைய ரயில் தூக்குப்பாலத்தை அறுக்கிறார்கள். கட்டர்காரன் உத்தரத்தின் மேல் குந்தியிருக்கிறான். தீப்பொறிகள் சிதறித் தண்ணீரில் சுருக் சுருக்கென்று அவிகின்றன. பக்கத்தில் அவன் மச்சினன், அறுபடும் பகுதியை இரண்டு கம்பிவடங்களில் தாங்கும் கிரேனுக்குக் கைகாட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பி நிற்கிறான். "அந்தப் பொண்ணைத்தான் கட்டிப்பேன்னு அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா." "வேலையைப் பாருடா முதல்ல." தீ தொடாத இரும்பு தானாகக் கிழிகிறது. பாலம் ஓலமிட்டு ஒருபக்கம் சாய்கிறது. ஒரு வடம் படீரென்று அறுந்து, காற்றை வெட்டிக்கொண்டு மச்சினனை நோக்கி வருகிறது. கத்தக்கூட நேரமில்லை. கட்டர்காரன் பாய்ந்து அவன் இடுப்பில் ஓங்கி உதைக்கிறான். அவன் அலறியபடி ஆற்றில் விழுகிறான். அவன் நின்ற இடத்தில் வடம் கைப்பிடிக் கம்பியை முறித்து, உதைத்த காலையும் முழங்காலோடு வெட்டி எறிகிறது. கீழே மச்சினன் தண்ணீரைத் துப்பிவிட்டுத் தலையைத் தூக்குகிறான். "பைத்தியமா மாமா உங்களுக்கு? இப்படியா உதைப்பாங்க?" அவனைச் சுற்றித் தண்ணீர் சிவக்கிறது. தனக்குத்தான் எங்கோ அடிபட்டுவிட்டதென்று பதறி, வயிற்றையும் தொடையையும் மாறிமாறித் தடவிப் பார்க்கிறான்.