வெடிக்காத ஏர்பேக்

“உங்கம்மா எப்படிச் செத்தாங்க?” என்று நான் பிட்டெஷ்டி நகரத்து ஆலையில் சேர்ந்த அன்றே, கூட வேலை பார்க்கும் கோஸ்தின் கேட்டார்.

“அவங்க கார் லாரியில மோதிடுச்சு. அப்ப எனக்கு ஆறு வயசு. அப்பாதான் சொன்னாரு.”

பழைய கார்களைக் கழற்றி, இரும்பையும் பிளாஸ்டிக்கையும் புதுக் கார்கள் செய்ய அனுப்புவது எங்கள் வேலை.

இன்று கழற்ற வந்த நீலக் காரின் கதவில், நான் சிறுவயதில் ஆணியால் கீறிய பூனை இருந்தது.

“இது அம்மாவோட கார்!”

கோஸ்தின் ஸ்டியரிங்கைக் கழற்றினார். “ஏர்பேக் வெடிக்கவே இல்லையேம்மா. இது எங்கேயும் மோதல. உங்கப்பா நல்லாக் கதை விட்டிருக்காரு.”

சாயங்காலம், காரை ஒப்படைத்த தாளின் நகலை அப்பாவின் சூப் கிண்ணத்தருகே வைத்தேன்.

“போன வாரம் காரைக் குடுத்தவங்க கையெழுத்துப்பா. அம்மா பேரு போட்டிருக்கு.”

அப்பா கரண்டியை வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.