1884-ஆம் ஆண்டின் ஆறு

எந்தப் பழைய வரைபடத்தின்படி ஆற்றை ஓடவிடுவது என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்கெடுப்பு நடக்கும். போன முறை 1931 ஜெயித்ததால், ஆறு எதிர்வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி கனிஷ்காவின் கொல்லைக்குப் போய்விட்டது. தினமும் அவள் ஈரத்தலையோடு வாசலில் வந்து நிற்பாள். எனக்கு வயிறு எரியும்.

இந்த முறை வீடு வீடாக ஏறி இறங்கி 1884-ஐ ஜெயிக்க வைத்தேன். அதில் நீலக்கோடு எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே, என் வாசலை உரசிக்கொண்டு போனது. மேடு பள்ளம் காட்டும் பழுப்புக் கோடுகளை யார் பார்த்தார்கள்?

இன்று தண்ணீர், அந்தக் கோடுகள் காட்டிய மேடு பள்ளத்தையும் சேர்த்துக்கொண்டே வந்தது. என் வாசலுக்குக் கீழே இருபதடிச் செங்குத்துப் பள்ளம். அக்கரையில் சரிவான மணல். அதில் காலை நனைத்துக்கொண்டு கனிஷ்கா கத்தினாள்:

“அக்கா, நீங்க அலஞ்சது வீண்போகலீங்க! இந்த வாட்டி ஆறு மணலோட வந்திருக்குதுங்க!”