ஈரச்சாக்கு

"இன்னும் சரியா இருபத்தாறு மணி நேரந்தான் இருக்கு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு பைக்கை லோடு வண்டியில ஏத்தணும். உன் மீட்டரு என்னதான் சொல்லுது தாயி?"

வீரபாண்டி கேட்டார். ரேணுகாதேவி மீட்டரின் வட்டத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலரை பங்கு காத்து காட்டுதுண்ணே. காத்து கூட, பெட்ரோல் கம்மி. இப்படியே ரேஸ்ல முறுக்குனா பிஸ்டன் பிடிச்சுக்கும். பெட்ரோல் விடுற ஜெட்டை இன்னும் ஒரு நம்பர் பெருசாப் போடணும்."

"காலையில இருந்து இதோட மூணாவது ஜெட்டு," என்றான் மெக்கானிக் சோலை. "இது கேக்குற பெட்ரோலுக்கு நரிக்குடி போயிட்டு வந்துரலாம் தங்கச்சி."

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் வீரபாண்டிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப். இன்ஜின் டியூனிங் எல்லாம் மூக்கால்தான். சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தால், பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். போன மாதம் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த இந்தப் பெண் தன் சொந்த மீட்டரோடு வேலை கேட்டு வந்தபோது, "மூக்கு இருக்கையில மீட்டரு எதுக்குத்தா?" என்று சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வாடிக்கைக்காரர் அரவிந்த்குமாரின் பைக் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ரேஸுக்குப் போகிறது. அதை அவள் மீட்டர் வைத்துச் சரிபண்ண வேண்டும். பண்ணினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் அப்பா சொல்லி வைத்திருக்கும் நூல் மில்லுக்கு.

கவனத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. நேற்று மத்தியானம் வீரபாண்டியின் மனைவி முருகேஸ்வரி கருவாட்டுக் குழம்புத் தூக்கைத் திறந்தபோது எதிர் டீக்கடையிலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இவள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "சாப்பாடு வந்துருச்சா அக்கா?" என்று கேட்டாள்.

புது ஜெட்டைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள். வீரபாண்டி குனிந்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெட்ரோலு கண்ணை எரிக்குதுத்தா! இதையா கம்மிங்குற?"

"மீட்டர்ல அப்படிக் காட்டலையேண்ணே."

சோலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். பெட்ரோல் கூடிப்போய்க் கரி அப்பியிருந்தது. "கண்ணுக்கு மை தீட்டிக்கலாம்," என்று நீட்டினான்.

ரேணுகா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப அடிக்கணக்கே தப்புண்ணே. சைலன்சர்ல மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டரோட சென்சாரைச் சுத்தமான காத்துல தொங்கவிட்டு, இதுதான் வெறுங்காத்துன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அதை வச்சுத்தான் மத்ததையெல்லாம் அளக்கும்."

"எங்க தொங்கவிட்ட?"

"கடைக்குள்ள புகை இருக்கும்னு பின்னாடி உடைமரத்துல. தண்ணிக் கேனுக்கு மேல இருக்க கிளையில."

மூவரும் பின்னால் போனார்கள். அந்தப் பொட்டலில் அது ஒன்றுதான் நிழல். சூடாகக் கூடாத எதுவும் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு அங்கேதான் இருக்கும். வீரபாண்டி சாக்கைத் தூக்கினார். குப்பென்று அடித்தது. தகர டப்பா நிறைய பெட்ரோல். அதில் கார்பரேட்டர் சாமான்கள் ஊறிக்கொண்டிருந்தன.

"ஏலே சோலை, தண்ணிக் கேன் எங்கடா?"

"அதை நேத்தே உள்ள எடுத்துட்டு, இந்த டப்பாவை இங்க வச்சேண்ணே."

வீரபாண்டி ரேணுகா பக்கம் திரும்பினார். "சென்சாரு நெருப்பாச் சூடாகும்னு நீதான சொன்ன? தீ பிடிச்சிருந்தா?"

"தப்புதாண்ணே," என்றாள் ரேணுகா. "பெட்ரோல் ஆவியைச் சுத்தமான காத்துன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அதான் எதைக் காட்டுனாலும் காத்து கூடங்குது."

பைக்கிலிருந்து சென்சாரைக் கழற்றி, சூடு ஆறியதும் பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரிசல் காட்டுக்குள் நடந்தாள். பாதி தூரத்தில் நின்று, "சோலைண்ணே, நீங்களும் வாங்க," என்று கூப்பிட்டாள். வரப்பில் நின்று, "இங்க ஏதாச்சும் வாடை வருதாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் பேட்டரியில் ஒயரை மாட்டினாள்.

திரும்ப வந்து மாட்டியபோது மீட்டர் பதினொன்று காட்டியது; பெட்ரோல்தான் கூட. பெரிய ஜெட்டெல்லாம் வெளியே வந்தன. மூன்று மணிக்கு மீட்டர் பன்னிரண்டே முக்காலில் நின்றது. ரேஸுக்கு அதுதான் கணக்கு. வீரபாண்டி குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"என் மூக்கும் உன் மீட்டரும் ஒண்ணைத்தான் சொல்லுது. வண்டி ஜெயிக்கட்டும், தோக்கட்டும். மில்லுக்குப் போகாத. திங்கக்கிழமை இங்கயே வா."

அவள் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒண்ணு கேக்கணும் தாயி. ரோட்டுல போறவனுக்கே அந்த டப்பா வாடை அடிக்கும். ஒரு முழத்துல நின்ன உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"அவசரத்துல கவனிச்சிருக்காதுண்ணே," என்றான் சோலை.

ரேணுகா இல்லை என்று தலையசைத்தாள். துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சுண்ணே. அதுல இருந்து எனக்கு எந்த வாடையும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது, அக்கா வைக்கிற கருவாட்டுக் குழம்பும் தெரியாது. மூக்கு இருந்திருந்தா, நான் எதுக்குண்ணே மீட்டரைத் தூக்கிட்டு அலையப்போறேன்?"