மாப்பிள்ளைக் கவனிப்பு

கல்முனையில் காட்டினால் ஊர் கதைக்குமென்று, அபூசாலிஹ் ஹாஜியார் மருமகன் இஃப்ஹாமை அக்கரைப்பற்று டொக்டரிடம் கூட்டி வந்திருந்தார்.

“மூணு வருஷமாப் பிள்ளை இல்ல. குறை இவரிலயெண்டா சொல்லிருங்க டொக்டர். மகளப் பிரிச்செடுக்க இண்டைக்கே காதியாரிட்டப் போறன்.”

டொக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

“விந்தணு ஒண்டுமே இல்ல. தம்பி, ஆண் ஹோர்மோன் ஊசி போடுறீங்களா?”

இஃப்ஹாம் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான்.

“வெளியால இருந்து அந்த ஹோர்மோன் வந்தா, உடம்பு விந்தணு உண்டாக்கிறத நிப்பாட்டிரும். ஊசிய விட்டா அநேகமாத் திரும்பி வரும்.”

ஹாஜியார் கொதித்தார்.

“களவா ஊசி போட்டு எங்கட குடும்ப மானத்த வாங்கிட்டீங்களே! ஆர் தந்த? வாயத் திறங்க மருமகன்!”

இஃப்ஹாம் தயங்கினான்.

“நீங்கதான் மாமா. கலியாணம் முடிச்ச நாள்லயிருந்து, காலையில முட்டையும் பாலும், மாசத்துக்கொரு சத்து ஊசியும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையக் கவனிக்கணுமெண்டு நீங்கதானே ஆளக் கூட்டி வந்து போடுவிக்கிற.”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் இஃப்ஹாம் காரைத் திறந்தான்.

“எங்க மாமா, காதியாரிட்டயா?”

“வீட்டுக்கு,” என்றார் ஹாஜியார். “இனி முட்டையும் பாலும் மட்டும் போதும்.”