சேவல் கடிகாரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நண்பகல் வெயில் சலூன் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. மணிக்கொரு தரம் சேவலாய்க் கூவும் சுவர்க்கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி தச்சர் வாசலில் நிற்கிறார். அவர் புதுவீட்டுக்குத் தங்கை புருஷனான சலூன்காரர் கொடுத்த பரிசு. பத்து நாளாகத் தச்சருக்குத் தூக்கமில்லை. "கோவிச்சுக்காதீங்க மாப்ள, மனசு நெறஞ்சுபோச்சு. பொருள் மட்டும் வேணாம்." சலூன்காரர் கத்தி தீட்டுவதை நிறுத்துகிறார். "திருப்பிக் குடுத்தா, இனிமே தங்கச்சி வீட்டுப் படி மிதிக்கக் கூடாது மச்சான்." "அப்ப இந்தக் கூவல நீயே கேளுடா!" கடிகாரம் பறக்கிறது. சலூன்காரரின் முன்பற்கள் இரண்டும் சோப்பு நுரையில் விழுகின்றன. நாற்காலி தச்சரின் முதுகில் நொறுங்குகிறது. கண்ணாடி சில்லுசில்லாய்க் கொட்டுகிறது. பாதி மழித்த முகத்தோடு வாடிக்கையாளர் மேசைக்கடியில் புகுகிறார். கடிகாரத்தின் பெரிய முள் கதவில் குத்தி நடுங்குகிறது, சின்ன முள் தச்சரின் காதில். ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்து உருள்கையில், தரையில் கிடக்கும் சேவல் பன்னிரண்டு முறை கூவுகிறது. "கேட்டியா?" என்கிறார் தச்சர், மூச்சுத் திணற. சலூன்காரர் பிடியை விட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார். மறுநாள் மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்தே கொண்டுபோன கடிகாரத்தை, பெட்டியில் ஒட்டிய நாடாகூடப் பிரியவில்லை என்பதால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறார். என் நாக்கில்தான் ஏதோ லேசாக நாறுகிறது.