ஏரியைப் பார்த்த வரைபடமாற்றி

ஒரு கணினியில் பழைய வரைபடம் ஒன்று திறக்க முடியாமல் கிடந்தது. அதிலிருந்த ஏரி புதிய வரைபடத்தில் ஏறாவிட்டால் அங்கே மனை போட்டுவிடுவார்கள். அதைத் தடுக்க ஊர்க்காரர்கள் வரைபடமாற்றி என்ற மென்பொருளை நிறுவினார்கள். ஒரு கரை, ஒரு மதகு விடாமல் அது மாற்றிக் கொடுத்தது. கொடுத்த கையோடு, அந்த மென்பொருளையே அழிக்க ‘நீக்கு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

திரையில் இருந்த குப்பைத்தொட்டி வாயைப் பிளந்து சிரித்தது. “வாடா தம்பி! வேலை முடிஞ்சா எல்லாரும் என்கிட்டதான். பாதி ஏரியை மிச்சம் வச்சிருந்தா இன்னும் உன்னைத் தாங்கியிருப்பாங்க, பிழைக்கத் தெரியாதவனே!”

மாற்றி அதைக் கேட்கவே இல்லை. திரை முழுவதும் நீலமாக விரிந்து கிடந்தது ஏரி. குறுக்கே போகக் கூசி, சுட்டியின் அம்புகூடக் கரையிலேயே நின்றுவிட்டது.

பாதி அழிந்துபோயிருந்த மாற்றி சொன்னது: “கொஞ்சம் தள்ளிக்குங்க அண்ணே, ஏரியை மறைக்கிறீங்க.”