பெயருக்கு முன்னால் ஒரு சொல்

பிப்ரவரி 11, புதன்.

இன்று ஒரு தவறு. என் பெயருக்கு முன்னால் என்ன போடலாம் என்று கேட்டபோது, "ஏதாவது போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன்.

டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'சின்னத் தவறு' என்று திருத்தினாள். பிறகு 'சின்ன' என்பதை அடித்தாள்.

பேருந்து இன்னும் கிளம்பவில்லை. ஓட்டுநர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது. எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.

மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் இன்று ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் பயிற்சி. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து. நடுவில் படம், கீழே வாழ்த்துவோர், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். பட்டம் இல்லாமல் நம் ஊரில் யாருக்கும் ஃப்ளெக்ஸ் கிடையாது என்றார் சார்.

"அங்கதான் உங்க தெறமை இருக்கு. படிச்சதும் அந்த ஆளு கண்ணு முன்னால வந்து நிக்கணும்."

அவளுக்குப் பக்கத்தில் இசக்கிராஜா. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. யாருக்கு சார்ஜர் வேண்டுமென்றாலும், யார் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், வகுப்பில் அவனைத்தான் தேடுவார்கள்.

'எங்கள் நடமாடும் நூற்றியெட்டே' என்று போட்டாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லோரையும் வரவழைத்துக் காட்டினான்.

அவன் திரையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டான். அவளும் அதைச் சொன்னாள்.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஆடியில் சேர்ந்த வகுப்பு. பொங்கலும் போய்விட்டது. யாராவது ஒருவர் தன்னை ஒருமுறை உற்றுப் பார்த்து ஒரு சொல் கண்டுபிடிக்கட்டும். நல்ல சொல்லாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சிடுமூஞ்சி என்றாலும் சரி.

இசக்கிராஜா நாற்காலியைத் திருப்பினான்.

"ஏலே, இவங்களுக்கு என்னலே போடலாம்?"

"யாருக்கு?"

"இவங்களுக்குத்தாம்லே."

நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பார்த்துவிட்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அமைதின்னு போடு மக்கா," என்றான் ஆண்டோ.

"அமைதியின் சிகரமேன்னா?"

"அது கண்ணீர் அஞ்சலில போடுறதுலே!"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அதுவும் தவறுதான். எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆண்டோ விடவில்லை. "பொம்பளப்பிள்ள அமைதியா இருந்தா நல்லதுதான். ஜங்ஷன் ஜவுளிக்கடைல ஒருத்தி மைக்குல கத்துதாளே, கேட்டிருக்கியா?"

"அந்த வாங்கம்மா வாங்கவா? அவ கத்துத கத்துல எங்க சித்தப்பா காது மிஷினையே கழத்தி வச்சிட்டாரு."

"அவள எவன் கெட்டப்போறானோ!"

இசக்கிராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டான். "வாங்கம்மா வாங்க… வாங்கய்யாஆ வாங்க…"

அச்சு அசல். 'ஐயா'வில் வரும் அந்த இழுப்புகூடத் தப்பவில்லை.

அவள் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இழுப்பு அவளுடையது.

காலையில் கடை திறந்ததிலிருந்து மாலை வரை, கண்ணாடிக்குப் பின்னால், சேலை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒலிபெருக்கி வெளியே. அவள் உள்ளே. வகுப்புக்கு வந்து சேரும்போது தொண்டையில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

அதற்குப் பெயர்தான் அமைதி.

சொல்லியிருக்கலாம். அது நான்தான். இரண்டே சொற்கள்.

வாய் திறந்தால் காற்றுதான் வரும் போலிருந்தது.

இசக்கிராஜா 'அமைதியின் மறுவடிவமே' என்று அடித்து, ரோஸ் நிறம் கொடுத்தான். சார் வந்து குனிந்து பார்த்தார்.

"பொருத்தமா இருக்கு," என்றார்.

பேருந்து கிளம்பியது. எழுத்து ஆடியது. அவள் விடாமல் எழுதினாள்.

ஒருவரைத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. அதற்கென்றே சில நல்ல சொற்களை வைத்திருக்கிறார்கள். அமைதி. அடக்கம். தானுண்டு தன் வேலையுண்டு. அதிகம் பழகாத டைப்.

எல்லாம் பாராட்டுப் போலவே இருக்கின்றன. திருப்பிச் சண்டை போட முடியாது.

கடைசி வரியை அடித்தாள். கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றியது. பிறகு அதையே மறுபடி எழுதினாள். இந்த முறை பேனா தாளைக் கிழித்தது.

இசக்கிராஜா வகுப்புக்கு வருமுன் கடைக்கு எதிரே, ஆண்டோவுக்காகக் காத்து நிற்பான். கண்ணாடி வழியாகத் தினமும் பார்க்கிறாள். வலது காலால் தரையைத் தட்டிக்கொண்டே நிற்பான். ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை.

மைக்கில் தள்ளுபடியைத் தவிர வேறு பேச்சு வந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். அவள் வேலையில் சேரும்போதே முதலாளி சொன்னது.

புதுப் பக்கம் திருப்பினாள்.

பிப்ரவரி 12, வியாழன்.

பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போக வேண்டும்.

மாலையில் மைக்கை அணைப்பதற்கு முன், இசக்கிராஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.